ஐரோப்பாவிலே மூன்று வாரம்: தனிவழிப் பயணத்துக்கு ஓர் ஆயத்தம்

கொழும்புத் துறைமுகத்திற் கப்பலேறி, ஏடனையும் சுயஸ் கால்வாயையும் கடந்து இலண்டன் போய்ச் சேர்வதற்கு ஏறக்குறைய மூன்று வாரஞ் சென்ற காலம் ஒன்றிருந்தது. அந்த நீண்ட கடல்வழி பிரயாணிக்கு ஒரு பேருதவி செய்தது. போகுமிடத்தைப் பற்றிப் படிக்கவும், முன்னர்ச் சென்று வந்தவர்களிடம் உசாவவும், கையிலுள்ள பணத்தை எண்ணிப் பங்கிடவும், குளிருக்கு உடலைப் பழக்கிக் கொள்ளவும் அது அவகாசம் அளித்தது. இன்று விமானம் அந்த வழியை ஒரு நாளுக்குள் அடக்கிவிட்டது. அன்று ஒருவழிக் கடற்பயணத்துக்குச் சென்ற மூன்று வாரமே இன்று பலருக்கு முழுச் சுற்றுலாவாகவும் அமைகின்றது. ஆகவே, முன்பு கப்பல் கொடுத்த அவகாசத்தை இப்போது பிரயாணி தம் வீட்டிலிருந்தே தேடிக்கொள்ளல் வேண்டும். புறப்படுமுன் செய்யாத ஆயத்தத்தை அங்கே போய்ச் செய்வதாயின், அதற்குச் செலவாவது அவர் அரிதிற் பெற்ற நாட்களேயாம்.

தனியே செல்பவருக்கு இது இன்னும் பொருந்தும். வழிக்குத் துணை வேண்டுமென்பது நம் முன்னோர் கருத்து. துணையொன்று இருந்தால் ஒருவர் பெட்டியைக் காக்க மற்றவர் சீட்டு வாங்கலாம். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டலாம். அறை வாடகையையும் இருவராகப் பகிர்ந்து கொள்ளலாம். தனியே செல்பவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆயினும் அவருக்கு வேறொரு செல்வம் உண்டு. விரும்பிய இடத்தில் விரும்பிய அளவு நேரம் அவர் நிற்கலாம்; எவருடைய களைப்புக்கும் விருப்பத்துக்கும் அவர் இணங்க வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதே நல்ல திட்டத்தின் நோக்கமாகும்.

விளங்குதற் பொருட்டு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டு சரித்திரம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என வைத்துக்கொள்வோம். உரோம சாம்ராச்சியத்தையும், இத்தாலியில் எழுந்த மறுமலர்ச்சியையும், பிரெஞ்சுப் புரட்சியையும் கரும்பலகையில் எழுதி எழுதிக் கற்பித்தவர். அவற்றுள் ஒன்றையும் கண்ணாற் கண்டவரல்லர். கையில் இருப்பது ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் ஒதுக்கி வைத்த ஒரு பகுதி. முழங்கால் முன்போல் இல்லை. இப்பயணம் இரண்டாம் முறை வாய்க்கும் என்று அவர் நம்பவுமில்லை. இத்தகைய ஒருவர் செய்யும் பிழை, அடுத்த முறை திருத்திக் கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடிய பிழையன்று.

அவர் முதலில் எழுதிய பட்டியலில் பத்து நகரங்கள் இருக்கும். உரோமாபுரி, புளோரன்ஸ், வெனிஸ், மிலான், வியன்னா, மியூனிக், லூசேர்ன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், இலண்டன் என அது நீளும். வரைபடத்தில் இவை விரற்கடை தூரத்தில் இருப்பதால், இத்தனையையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் பயணத்தை அளக்கும் கோல் தூரமன்று. இரவுகளின் எண்ணிக்கையே அக்கோல். இருபத்தொரு நாட் பயணத்தில் இருபது இரவுகள் உள்ளன. பத்து நகரங்களாயின் நகருக்கு இரண்டு இரவு. ஒரு நகரில் இரண்டு இரவு தங்குபவருக்கு அங்கே கிடைப்பது ஒரேயொரு முழு நாள். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் பெட்டி கட்டுவதிலும், நிலையத்துக்குச் செல்வதிலும், புது இடத்தில் விடுதியைத் தேடுவதிலும் கழிந்துவிடும். எனவே பத்து நகரம் கண்டவர் உண்மையிற் பெறுவது பத்து முழு நாட்களே.

இதே இருபது இரவுகளை ஐந்து நகரங்களுக்குப் பங்கிட்டுப் பார்ப்போம். உரோமாபுரிக்கு ஐந்து, புளோரன்சுக்கு நான்கு, மிலானுக்கு இரண்டு, சுவிற்சர்லாந்தின் லூசேர்னுக்கு மூன்று, பாரிசுக்கு ஆறு. இப்போது முழு நாட்கள் முறையே நான்கு, மூன்று, ஒன்று, இரண்டு, ஐந்து, ஆகப் பதினைந்து. நகரங்களைப் பாதியாகக் குறைத்ததனால் ஆசிரியைக்கு ஐந்து முழு நாட்கள் அதிகமாகக் கிடைத்தன. பணம் கொடுத்தும் வாங்க முடியாத நாட்கள் அவை. வெனிசையும் வியன்னாவையும் பட்டியலில் வெட்டும்போது மனம் வருந்தத்தான் செய்யும். ஆனால் எதை விடுவது என்று வீட்டிலிருந்து தீர்மானிக்காதவருக்கு, அதைக் களைப்பும் காலதாமதமும் அங்கே தீர்மானித்துக் கொடுக்கும்.

நகரங்கள் தீர்ந்தபின் நாட்களைக் கிழமையோடு பொருத்த வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். பாரிஸ் நகரத்து லூவர் நூதனசாலை செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். புளோரன்ஸ் நகரத்து உபீசிச் சித்திரசாலையும், மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலை 1873 ஆம் ஆண்டு முதல் நிற்கும் அக்கடெமியாவும் திங்கட்கிழமைகளில் மூடப்படும். வத்திக்கான் நூதனசாலை, மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர்ந்த ஏனைய ஞாயிறுகளில் திறப்பதில்லை. ஆசிரியை ஒரு வியாழக்கிழமை உரோமாபுரியில் இறங்குவாராயின், அடுத்த செவ்வாய் புளோரன்சுக்கும், சனிக்கிழமை மிலானுக்கும், திங்கட்கிழமை லூசேர்னுக்கும், வியாழக்கிழமை பாரிசுக்கும் செல்வார். மூன்றாம் வாரத்துக்குப் பின்வரும் புதன்கிழமை வீடு நோக்கிப் புறப்படுவார். இந்த ஒழுங்கில் புளோரன்சில் அவர் திங்கட்கிழமையைச் சந்திப்பதில்லை. சுவிற்சர்லாந்தில் கடைகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும் ஞாயிறும் அவருக்கு மிலானிலேயே கழிந்துவிடும். இதற்கு மாறாக அவர் ஞாயிற்றுக்கிழமை உரோமாபுரியில் இறங்கினால், புளோரன்சிற் கிடைக்கும் மூன்று முழு நாட்களுள் ஒன்று திங்கட்கிழமையாய் அமைந்து, அவர் கண்டுவர விரும்பிய இரண்டு கதவுகளையும் அன்று மூடிவிடும். விமானச் சீட்டு வாங்குமுன் நாட்காட்டியைப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

பருவமும் இங்கே கவனித்தற்குரியது. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் இத்தாலியில் வெயில் கடுமையாக இருக்கும், கூட்டம் மிகும், வாடகையும் ஏறும். ஓகஸ்ட் 15 ஆம் நாளை ஒட்டி இத்தாலியர் பலர் தாமே கடையடைத்துக் கடற்கரைக்குப் போய்விடுவர். குளிர்காலத்தில் வாடகை குறையுமாயினும் பகலுங் குறையும். பாரிசிலே யூன் மாதத்திற் பதினாறு மணி நேரமளவாக இருக்கும் பகல், டிசெம்பரில் எட்டு மணி நேரமளவாகச் சுருங்கிவிடும். பூமத்திய ரேகைக்கு அண்மையில் வாழ்ந்து, பன்னிரண்டு மணி நேரப் பகலையே என்றும் கண்டு பழகியவர்கள் இந்த வேற்றுமையை எளிதில் மறந்துவிடுவர். ஏப்பிரல் நடுவிலிருந்து மே முடிவு வரையும், செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடு வரையும் உள்ள காலமே நடந்து திரிந்து பார்ப்பவருக்கு உகந்தது.

இனி, அனுமதி பற்றிய விடயத்துக்கு வருவோம். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோருக்கு ஐரோப்பாவின் வாயில் விசா என்னும் நுழைவனுமதியே. லக்சம்பேர்க் நாட்டில் மோசெல் நதிக்கரையில் ஷெங்கன் என்றொரு சிற்றூர் உண்டு. 1985 ஆம் ஆண்டு யூன் 14 ஆம் நாள், பிரான்சு, மேற்கு ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் அவ்வூர் அருகே ஆற்றில் நின்ற ஒரு கப்பலிற் கூடித் தம்மிடையே உள்ள எல்லைச் சோதனைகளை நீக்குவதற்கு உடன்படிக்கை செய்தனர். அது 1995 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முழுமையாகச் சேர்ந்ததோடு இந்தக் கூட்டில் 29 நாடுகள் உள்ளன. சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதது. ஆயினும் ஷெங்கன் கூட்டைச் சேர்ந்தது. பிரித்தானியாவும் அயர்லாந்தும் இதிற் சேராதவை. எனவே இலண்டனையும் காண விரும்புவோர் வேறொரு விண்ணப்பமும் வேறொரு கட்டணமும் செலுத்த வேண்டும். ஆசிரியையின் பட்டியலிலிருந்து இலண்டன் நீங்கியதற்கு இதுவே காரணம்.

இருபத்தொன்பது நாடுகளுக்கும் ஒரே அனுமதி போதுமாயினும், எந்த நாட்டின் தூதரகத்திடம் விண்ணப்பிப்பது என்பதற்கு விதி உண்டு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குவதாகத் திட்டமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாயின் முதலிற் கால் வைக்கும் நாட்டிடம். நம் ஆசிரியை இத்தாலியில் பதினொரு இரவும், பிரான்சில் ஆறும், சுவிற்சர்லாந்தில் மூன்றும் தங்குகிறார். ஆகவே அவர் செல்ல வேண்டியது இத்தாலியின் வாயிலுக்கே. அனுமதி எளிதில் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட வேறொரு நாட்டிடம் விண்ணப்பிப்பது, திட்டத்துக்கும் விண்ணப்பத்துக்கும் முரண்பாட்டை உண்டாக்கும். நகரங்களையும் இரவுகளையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும் என்றது இதனாலுமாம்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையாமல் முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். கோடை விடுமுறைக் காலங்களில் நேரம் ஒதுக்கிப் பெறுவதே கடினமாதலால், மூன்று மாதத்துக்கு முன்னரே தொடங்குதல் நலம். 2024 ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் வயது வந்தோருக்கான கட்டணம் 90 யூரோ. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அக்கட்டணம் திரும்பக் கிடைப்பதில்லை. கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டு நீங்கும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவையும், நோயாளியைத் தாயகம் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்புறுதியும் வேண்டும்.

இவற்றுக்கு மேலாக, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர் தம் மனத்துள் மூன்று வினாக்களை எழுப்புகிறார் எனலாம். இவர் எதற்காகப் போகிறார்? செலவுக்குப் பணம் உண்டா? குறித்த நாளில் திரும்பி வருவாரா? அனுப்பும் ஒவ்வொரு பத்திரமும் இம்மூன்றில் ஒன்றுக்கு விடையாக அமைதல் வேண்டும். தங்குமிட ஒழுங்குகளும் நாள்வாரித் திட்டமும் முதல் வினாவுக்கு விடை. பல மாதத்து வங்கிக் கணக்குக் கூற்று இரண்டாவதற்கு விடை. விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் திடீரென்று வந்து சேர்ந்த பெருந்தொகை நம்பிக்கையைக் கூட்டாது, ஐயத்தையே கூட்டும். ஓய்வூதியப் பத்திரம், காணி உறுதி, குடும்பப் பொறுப்பு என்பன மூன்றாம் வினாவுக்கு விடை. மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் தரப்படும். மேன்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. எனினும் மறுப்பு நேரக்கூடும் என்பதை மனத்திற்கொண்டு, அனுமதி கைக்கு வரும்வரை, பணம் திரும்பப் பெறமுடியாத எந்தச் சீட்டையும் வாங்காதிருத்தல் அறிவுடைமை. விண்ணப்பத்துக்கு விமான ஆசன ஒதுக்கீடும், கட்டணமின்றி நீக்கக்கூடிய விடுதி ஒதுக்கீடும் போதியன.

அனுமதி வந்ததும் அதிலுள்ள எழுத்துக்களை நிதானமாகப் படிக்க வேண்டும். எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்பது ஒன்று; அக்காலத்துள் எத்தனை நாள் தங்கலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றல்ல. செல்லுபடிக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பினும், நாட்கள் இருபத்தொன்று என்று குறித்திருந்தால் இருபத்தொன்றே. இறங்கிய நாளும் புறப்படும் நாளும் தனித்தனி ஒரு நாளாகவே எண்ணப்படும். 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆம் நாளிலிருந்து கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கத்துக்குப் பதிலாகக் கணினிப் பதிவு படிப்படியாக அறிமுகஞ் செய்யப்பட்டது. ஒருநாள் மிகையாகத் தங்கினாலும் அது பதிவிலே நிற்கும். அடுத்த விண்ணப்பத்தில் அது எதிரே வந்து நிற்கவுங் கூடும்.

ஊர்விட்டு ஊர் செல்ல ஐரோப்பாவிற் புகையிரதத்துக்கு நிகரில்லை. அதிவேக வண்டியில் உரோமாபுரியிலிருந்து புளோரன்சுக்கு ஒன்றரை மணி நேரமளவு. அங்கிருந்து மிலானுக்கு இரண்டு மணி நேரமளவு. மிலானிலிருந்து லூசேர்னுக்குச் செல்லும் வழி அல்ப்ஸ் மலையை ஊடறுக்கிறது. 1882 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய கொத்தார்ட் சுரங்கம் பதினைந்து கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழே 2016 ஆம் ஆண்டில் திறந்த புதிய சுரங்கமோ 57 கிலோமீற்றர். மலைமேல் ஏறாமலே மலையின் அடிவயிற்றினூடு வண்டி ஓடிவிடுகிறது. லூசேர்னிலிருந்து பாசல் நகருக்குச் சென்று வண்டி மாறினால், மூன்று மணி நேரமளவிற் பாரிசின் லியோன் நிலையத்தை அடையலாம்.

புகையிரதச் செலவைப் பற்றி ஒரு கணக்கு அவசியம். ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்வோருக்காக 1959 ஆம் ஆண்டில் யூரெயில் என்னும் பொதுச்சீட்டு ஏற்பட்டது. இன்று அது 33 நாடுகளிற் செல்லும். பல நாடுகளில் நாள்தோறும் நெடுந்தூரம் செல்பவருக்கும், முன்கூட்டியே நாளைக் குறிக்க விரும்பாதவருக்கும் அது நல்ல துணை. ஆனால் இத்தாலியிலும் பிரான்சிலும் அதிவேக வண்டிகளுக்குப் பொதுச்சீட்டு வைத்திருப்பவரும் ஆசன ஒதுக்கீட்டுக்கு வேறாகப் பணங்கட்ட வேண்டும். நம் ஆசிரியைக்கு நகர்மாறும் பயணம் நான்கே. நாள் தெரிந்த நான்கு பயணத்துக்கு, முன்கூட்டி விற்கும் மலிவுச் சீட்டுக்களைத் தனித்தனியே வாங்குவதே பெரும்பாலும் இலாபமாகும். அந்த மலிவுச் சீட்டை மாற்றவோ மீளக் கொடுக்கவோ இயலாது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

பிறநாட்டார் வழங்கும் பெயர் வேறு, ஊரவர் வழங்கும் பெயர் வேறு. புளோரன்ஸ் என்று தேடுபவர் நிலையப் பலகையிற் காண்பது பிரென்சே என்பதே. அந்நகரின் தலைமை நிலையம் சாந்த மரியா நொவெல்லா என்னும் தேவாலயத்தின் பெயரைத் தாங்கியது. ஆகவே ஒவ்வோர் ஊரையும் நிலையத்தையும் அவ்வூர் மொழியில் எழுதி வைத்துக்கொள்வது நன்று. இத்தாலியில் உள்ளூர் வண்டிகளுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுமுன் நிலையத்திலுள்ள பொறியில் அதைச் செருகித் திகதி பதிக்க வேண்டும். பதியாத சீட்டு, வாங்காத சீட்டுக்குச் சமமாக எண்ணப்பட்டு அபராதத்துக்கு இடமாகும்.

வழி தடைப்படக் கூடும் என்பதையும் திட்டத்துள் அடக்குதல் வேண்டும். 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரான்சின் மோரியன் பள்ளத்தாக்கிற் பாறைகள் சரிந்து, மிலானையும் பாரிசையும் நேரே இணைத்த புகையிரதப் பாதையை மூடிவிட்டன. 2025 ஆம் ஆண்டு மார்ச் முடிவில்தான் அது மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில், பழைய வழிகாட்டி நூலை மட்டும் நம்பிச் சென்றவர் நிலையத்தில் நின்றே செய்தி அறிந்திருப்பார். இத்தாலியிலும் பிரான்சிலும் வேலைநிறுத்தமும் அருமையன்று. இத்தாலியில் அது முன்கூட்டியே அறிவிக்கப்படுவது வழக்கம். ஆகவே ஒரு விதியை மாத்திரம் மீறலாகாது. தாயகம் திரும்பும் விமானம் எந்த நகரிலிருந்து புறப்படுகிறதோ, அந்நகரில் இறுதி இரண்டு இரவேனும் தங்கியிருக்க வேண்டும். புகையிரதத்தில் இறங்கி அதே நாளில் விமானம் ஏறுவதாய்த் திட்டமிடுபவர், முழுப் பயணத்தையும் ஒரு வண்டியின் கடிகாரத்திற் கட்டி வைக்கிறார்.

பணத்தை ஐந்து பத்தியாகப் பிரித்து எழுதுவது எளிய முறை. விமானமும் விசாவும் காப்புறுதியும் ஒன்று, தங்குமிடம் ஒன்று, வண்டிக் கட்டணம் ஒன்று, உணவு ஒன்று, காட்சிகளுக்கான நுழைவுக் கட்டணம் ஒன்று. இவற்றைக் கூட்டி வந்த தொகையோடு பத்தில் ஒரு பங்கு மேலும் சேர்த்து, அதைத் தொடாத பணமாக வைத்துக்கொள்ள வேண்டும். நாணய மாற்று வீதத்தை நிலையானதென்று எண்ணுவது எத்துணை அபாயமானது என்பதை இலங்கையர் 2022 ஆம் ஆண்டில் நேரே கண்டனர். ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க டொலருக்கு இருநூறு ரூபாயளவில் இருந்த வீதம் சில மாதங்களில் முந்நூற்று அறுபதை எட்டியது. அவ்வாண்டுப் பயணத்துக்கு ரூபாயிற் சேமித்திருந்தவர்களின் சேமிப்பு, தொடாமலே பாதியளவாய்த் தேய்ந்தது. ஆதலால் விடுதி, வண்டி முதலியவற்றுக்கு இயன்ற அளவு முன்னரே பணங்கட்டி வருவது, அனுமதி கிடைத்த பின்னர், சிறந்த காவலாகும்.

2002 ஆம் ஆண்டில் நாணயமாகக் கைகளிற் புழங்கத் தொடங்கிய யூரோ, இத்தாலிக்கும் பிரான்சுக்கும் பொது. சுவிற்சர்லாந்து தன் பிராங்கையே வழங்குகிறது. அங்கே விலையும் அதிகம். லூசேர்னுக்கு மூன்று இரவே ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். வங்கி அட்டைகள் இரண்டு வேண்டும். அவை ஒரே பையில் இருத்தலாகாது. அட்டையாற் பணங்கொடுக்கும்போது, யூரோவிற் கொடுப்பதா, தாய்நாட்டு நாணயத்திற் கொடுப்பதா என்று சில பொறிகள் கேட்கும். யூரோவையே தெரிந்தெடுத்தல் வேண்டும். மற்றதைத் தெரிந்தவர் அநியாயமான மாற்று வீதத்துக்கு உடன்பட்டவராவர்.

தங்குமிடத்திலேதான் தனிப் பிரயாணியின் குறை அதிகந் தெரியும். இருவருக்கான அறையின் வாடகை முழுவதும் ஒருவர் தலையில் விழும். இதற்கு மாற்று வழிகள் உண்டு. 1912 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் சிர்மன் என்னும் ஜேர்மானிய ஆசிரியர் அல்ற்றீனா நகரத்துக் கோட்டையில் இளைஞர் விடுதி ஒன்றை நிலைநாட்டினார். மாணவரோடு நடந்து திரிந்தபோது இராத்தங்க இடமின்றி வருந்திய அனுபவத்தின் பயன் அது. அவ்வியக்கம் உலகெங்கும் பரவியது. இன்று இவ்விடுதிகள் பலவற்றில் வயதெல்லை இல்லை; கட்டில் ஒன்றை மட்டும் வாடகைக்குப் பெறலாம். அமைதியை விரும்புவோர்க்கு உரோமாபுரியிலும் புளோரன்சிலும் கன்னியர் மடங்கள் சில எளிய அறைகளைத் தருகின்றன. அவற்றிற் சில இரவிற் குறித்த நேரத்துக்குக் கதவடைப்பதால், அதனை முன்பே கேட்டறிதல் வேண்டும். இத்தாலிய நகரங்கள் பலவற்றில் வாடகையோடு இரவுக்கு இவ்வளவென்று நகர வரியும் உண்டு. நிலையத்துக்கும் காட்சியிடங்களுக்கும் நடந்து செல்லும் தூரத்தில் இடம் பெறுவதே நல்லது. தூரத்து மலிவு விடுதியில் மிச்சம் பிடித்த பணம் வண்டிக் கட்டணத்திலும் களைப்பிலும் கரைந்துபோகும்.

முன்பதிவின்றிக் காண இயலாதவற்றை மாதங்களுக்கு முன்பே குறித்துவிட வேண்டும். மிலானில் சாந்த மரியா டெல்லே கிராட்சியே மடத்து உணவுச்சாலைச் சுவரில் லியனார்டோ தீட்டிய இறுதி இராப்போசன ஓவியத்தைக் காண, சிறுசிறு கூட்டமாகப் பதினைந்து நிமிடமே விடுகின்றனர். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகவே நம் ஆசிரியை மிலானில் இரண்டு இரவு தங்குகிறார். சீட்டில்லாமற் போய் நின்றால் அவ்விரண்டு இரவும் பொருளற்றுப் போகும். உரோமாபுரியின் கொலோசியத்துக்கும், வத்திக்கான் நூதனசாலைக்கும், லூவருக்கும் நேரங் குறித்த சீட்டை முன்னரே வாங்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு இத்தகைய சீட்டு ஒன்றே போதும். மற்ற நேரத்தைக் காலுக்கும் கண்ணுக்கும் விட்டுவிட வேண்டும். புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தில் 463 படிகள் உள்ளன, மின்தூக்கி இல்லை. முழங்கால் வலிக்காரர் அதைக் கீழே சதுக்கத்தில் நின்று பார்ப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. லூசேர்னிலோ, ஏரியிற் கப்பலேறி விற்ஸ்னாவு சென்று, 1871 ஆம் ஆண்டிலிருந்து ஓடும் பற்சக்கரப் புகையிரதத்தில் அமர்ந்தபடியே ரிகி மலையுச்சியை அடையலாம். பாரிசில், 2019 ஆம் ஆண்டு தீப்பற்றி எரிந்து 2024 டிசெம்பரில் மீண்டுந் திறந்த நோத்ர தாம் பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.

பெட்டி சிறிதாயிருத்தல் வேண்டும். தனியே செல்பவர் தூக்கிக்கொண்டு படியேற முடியாத பெட்டி அவருக்குப் பகை. நித்தம் உண்ணும் மருந்துகளை வைத்தியரின் சீட்டோடு கைப்பையிற் கொண்டுசெல்ல வேண்டும். கடவுச்சீட்டின் பிரதிகளில் ஒன்று பெட்டியிலும் மற்றொன்று வீட்டாரிடமும் இருக்கட்டும். நெருக்கமான சுரங்க வண்டிகளிலும் பெருங் கூட்டங்களிலும் கைப்பை முன்னால் இருத்தல் வேண்டும். ஆபத்து நேர்ந்தால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் 112 என்னும் இலக்கம் உதவும். இத்தாலியில் வாங்கும் தொலைபேசி அட்டை பிரான்சிலும் மேலதிகக் கட்டணமின்றிப் பயன்படும். ஒன்றியத்தைச் சேராத சுவிற்சர்லாந்தில் அவ்வாறு கொள்ளலாகாது.

தனிமை, நான்காம் ஐந்தாம் நாளிலேதான் பலருக்கும் வந்து சேர்கிறது. புதுமையின் வேகம் தணிந்து, அயல் மொழி காதைச் சூழ்ந்து, மாலை மங்கும் வேளையில் தனியே உணவுக்கு அமரும்போது அது தோன்றும். அதற்கும் திட்டத்தில் இடம் வேண்டும். இத்தாலியிற் கோடைகால நேரப்படி காலை எட்டு மணியாகும்போது யாழ்ப்பாணத்தில் முற்பகல் பதினொன்றரை. அந்த நேரத்தில் நாள்தோறும் வீட்டோடு ஒரு வார்த்தை பேசுவதென ஏற்படுத்திக் கொண்டால், இங்குள்ளோர்க்கும் அச்சந் தீரும். பயணத்தின் இறுதி நகராகப் பாரிஸ் அமைந்ததும் நன்றே. அங்கே வடக்கு நிலையத்துக்கு அருகே லா சப்பல் என்னும் பகுதியிற் கடைப்பலகைகள் தமிழில் இருக்கும். இட்டலியும் தோசையும் கிடைக்கும். மாணிக்க விநாயகர் ஆலய மணியோசையும் கேட்கும். போரினால் ஊர்விட்டுப் போனவர்கள் அங்கே ஓர் ஊரை அமைத்துக்கொண்டனர். அவர்களுட் பலர் ஐரோப்பாவுக்குச் சென்றது சுற்றுலாவுக்கன்று. அவ்வீதியில் ஒரு மாலை நடந்து திரிவதும் சரித்திர ஆசிரியை ஒருவருக்குப் பாடமே.

இவ்வளவும் எழுதி முடித்தபின், நாள்வாரித் திட்டத்தில் வாரத்துக்கு ஒரு நாள் வெறுமையாக விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். மழை பெய்த நாளும், கால் வீங்கிய நாளும், ஒரு சிலையின் முன் நேரம் போனதே தெரியாமல் நின்ற நாளும் அந்த வெற்றிடத்தில்தான் வந்து பொருந்தும். கப்பற் காலத்துப் பிரயாணிக்கு அவ்வெற்றிடத்தைக் கடல் கொடுத்தது. விமானக் காலத்துப் பிரயாணி அதைத் தம் கையாலேயே எழுதிக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு கரும்பலகையில் வரைந்து காட்டிய கொலோசியத்தின் நிழலில், அவசரமின்றி அமர்ந்திருக்கும் ஒரு பிற்பகல் அந்த ஆசிரியைக்கு வாய்க்குமாயின், அத்திட்டம் நல்ல திட்டமே.